கண்ணுக்குத் தெரிகிறது, தேடினால் கிடைக்கவில்லை

என் குறிப்புக் கோப்பில் ஒருநாள் ‘கொள்முதல்’ என்ற சொல்லைத் தேடினேன். அப்படி ஒரு சொல்லே இல்லை என்றது கணினி. அந்தச் சொல்லோ கர்சருக்கு நாலு வரி கீழே, பட்டப்பகலில் யானை நிற்பதுபோல் நின்றுகொண்டிருந்தது. மறுபடி தட்டச்சிட்டுத் தேடினேன். இல்லை. மென்பொருளை மூடித் திறந்தேன், கணினியையே அணைத்துப் போட்டேன். அப்போதும் இல்லை. கடைசியில் அந்தச் சொல்லையே நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டினேன். உடனே கிடைத்தது. என் விரல்கள் தட்டிய ‘கொள்முதல்’ ஒன்று, கோப்பில் இருந்த ‘கொள்முதல்’ வேறொன்று. பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்.

காரணத்துக்குப் பிறகு வருகிறேன். கணினியில் குறிப்பெடுப்பவர்கள் படும் பாட்டில் பெரும்பகுதி இந்த ஒரு குழப்பத்திலிருந்து வருவதுதான்: திரையில் தெரிவதும் கோப்பில் இருப்பதும் ஒன்றே என்று நினைத்துவிடுகிறோம். எளிய உரைக் கோப்பில் குறிப்பெடுத்தால் இந்தத் தொல்லையெல்லாம் இருக்காது என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். இருக்கத்தான் செய்யும். ஆனால் எளிய உரையில் அதைத் தோண்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியும். பூட்டிய பெட்டிக்குள் குறிப்புகளை வைத்திருக்கும் செயலிகளில் அது முடியாது. வித்தியாசம் அவ்வளவே, அது பெரிய வித்தியாசம்.

நான் பயன்படுத்துவது ஈமேக்ஸ் என்ற உரைத் திருத்தியும் அதற்குள் இருக்கும் ஆர்க் மோட் என்ற குறிப்பு முறையும். ஈமேக்ஸ் பழைய ஆள். 1976இல் எம்.ஐ.டி. ஆய்வகத்தில் வேறொரு திருத்தியின் மேல் போட்ட குறுங்கட்டளைத் தொகுப்பாகப் பிறந்தது. ரிச்சர்ட் ஸ்டால்மன் அதைப் புதிதாக எழுதி 1985இல் க்னூ ஈமேக்ஸ் என்று வெளியிட்டார். ஆர்க் மோட் அதைவிட இளையது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் வானியலாளரான கார்ஸ்டன் டொமினிக் தன் குறிப்புகளையும் வேலைத் திட்டங்களையும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ள 2003இல் எழுதத் தொடங்கியது. 2007இல் வந்த ஈமேக்ஸ் 22இலிருந்து கூடவே சேர்ந்து வருகிறது. தலைப்புகளை நட்சத்திரக் குறியால் காட்டும் முறைக்கு ஒரு வானியலாளர் பெயர் வாங்கியது தற்செயல்தான் என்றாலும் எனக்குப் பிடித்த தற்செயல்.

கோப்பைத் திறந்தால் இப்படி இருக்கும்:

* வீடு
** செய்க மோட்டார் சத்தம், மெக்கானிக்கைக் கூப்பிட
<2024-11-18>
** முடிந்தது கேஸ் பதிவு
* கட்டுரை
** கொள்முதல் விலை பற்றிய குறிப்புகள்

ஒரு நட்சத்திரம் என்றால் பெரிய தலைப்பு, இரண்டு என்றால் அதற்குள் அடங்கிய சிறு தலைப்பு. ‘செய்க’ என்பது வேலை பாக்கி, ‘முடிந்தது’ என்பது முடிந்தது. கோண அடைப்புக்குள் தேதி. வேறொன்றும் இல்லை. இந்தக் கோப்பை நோட்பேடில் திறந்தாலும் படிக்கலாம், இருபது வருஷம் கழித்து எவர் கணினியில் திறந்தாலும் படிக்கலாம். நிறம், மடிப்பு, தடித்த எழுத்து, இன்றைய வேலைப் பட்டியல் எல்லாம் ஈமேக்ஸ் அந்த எழுத்துகளைப் பார்த்து அவ்வப்போது செய்து காட்டும் வேஷம். கோப்பில் வேஷம் கிடையாது.

முதன்முதலில் வருபவர்கள் பதறுவது மடிப்பைப் பார்த்து. தலைப்பின் மேல் கர்சரை வைத்து டேப் விசையைத் தட்டினால் அதன் கீழுள்ளதெல்லாம் சுருங்கி, ஓரத்தில் மூன்று புள்ளி மட்டும் நிற்கும். ஷிப்டோடு சேர்த்து டேப் தட்டினால் கோப்பு முழுவதுமே சுருங்கும். தெரியாமல் விரல் பட்டுவிட்டால் ஆறு மாதக் குறிப்பும் போய்விட்டதே என்று வயிறு கலங்கும். எதுவும் போகவில்லை. மறுபடி டேப் தட்டினால் விரியும். ஆனால் உண்மையிலேயே போகவும் ஒரு வழி இருக்கிறது. சுருங்கிக் கிடக்கும் தலைப்பின் தொடக்கத்தில் நின்று, ஒரு வரியை அழிக்கிறோம் என்று நினைத்து கண்ட்ரோல்-கே தட்டினால், அந்த வரியோடு உள்ளே மடிந்திருப்பதும் சேர்ந்து போய்விடும். கண்ணுக்கு ஒரு வரிதான் போயிருக்கும், கோப்பில் எண்பது வரி போயிருக்கும். உடனே தெரிந்தால் கண்ட்ரோலோடு சாய்கோட்டைத் தட்டி மீட்டுக்கொள்ளலாம். தெரியாமல் சேமித்து மூடிவிட்டால் கஷ்டம். மடிந்த பகுதியை இப்படி அழிக்கும்போது கேட்டுவிட்டு அழி என்று சொல்லும் அமைப்பு ஆர்க் மோடில் உண்டு. புதிதாக வருபவர் ஒரே ஒரு அமைப்பைத்தான் மாற்றப்போகிறார் என்றால் அதை மாற்றட்டும். நிறத்தையும் எழுத்துருவையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது கொள்முதலுக்கு வருவோம்.

யூனிகோடில் ஒவ்வொரு எழுத்துக்கும், ஒவ்வொரு உயிர்க்குறிக்கும் ஓர் எண் உண்டு. ‘க’ 2965. ஒகரக் குறி, அதாவது முன்னால் ஒற்றைக் கொம்பும் பின்னால் காலுமாக வருவது, 3018. ஆனால் அதே குறியை ஒற்றைக் கொம்பு 3014, கால் 3006 என்று இரண்டு துண்டாகவும் எழுதலாம். இரண்டும் சமம் என்பது யூனிகோடின் விதி. திரையில் வரையும்போது எழுத்துரு இரண்டையும் ஒரே மாதிரிதான் வரையும். ஓகாரத்துக்கும் ஔகாரக் குறிக்கும் இதே கதை. நாம் சாதாரணமாகத் தட்டச்சிடும்போது பெரும்பாலும் ஒற்றை எண்தான் விழும். பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றித் தரும் கருவிகள் சில, துண்டாகப் போட்டுவிடுகின்றன. என் கோப்பில் இருந்த பகுதி நண்பர் ஒருவரின் பழைய ஆவணத்திலிருந்து மாற்றி ஒட்டியது. விதிப்படி சமமானாலும் சாதாரணத் தேடல் எண்ணுக்கு எண் ஒப்பிட்டுப் பார்ப்பது. அதனால் ‘இல்லை’ என்றது. அது பொய் சொல்லவில்லை.

இதைச் சோதிக்க எளிய வழி பேக்ஸ்பேஸ். ‘கொ’வுக்கு அடுத்து கர்சரை வைத்து ஒரே ஒரு முறை தட்டுங்கள். ‘க’ மட்டும் மிஞ்சினால் ஒற்றை எண். ‘கெ’ மிஞ்சினால் துண்டு, கால் மட்டும்தான் உடைந்து போயிருக்கிறது. இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் சொல்லைத் தேர்ந்துகொண்டு ஆல்டோடு சமக்குறி தட்டினால், எத்தனை குறிகள் என்று ஈமேக்ஸ் எண்ணிச் சொல்லும். ஒழுங்கான ‘கொள்முதல்’ என்றால் 9. என் கோப்பில் இருந்தது 10. அந்தப் பத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. தீர்வும் கையருகே இருக்கிறது: கோப்பு முழுவதையும் தேர்ந்து, ஆல்ட்-எக்ஸ் தட்டி, யூசிஎஸ்-நார்மலைஸ்-என்எஃப்சி-ரீஜன் என்ற கட்டளையைக் கொடுத்தால் துண்டுகள் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து எதை ஒட்டினாலும் இப்போது முதலில் இதைச் செய்கிறேன், காய்கறியை அலம்புவதுபோல.

அலம்பினாலும் போகாத கறையும் உண்டு. ‘ஸ்ரீ’ என்று எழுத முதலில் ஸ என்ற எழுத்தை வைத்து எழுதுவதுதான் வழக்கம். 2005இல் யூனிகோடு 4.1இல் ஶ என்ற எழுத்து தனியாக வந்தபிறகு அதை வைத்தும் ஸ்ரீ எழுதலாம் என்றாயிற்று. எழுத்துரு இரண்டையும் ஒரே சுழியாக வரைந்துவிடும். குறிகளை எண்ணினாலும் இரண்டிலும் நான்குதான். இவை விதிப்படி சமமும் அல்ல, ஆகவே மேற்சொன்ன கட்டளை தொடாது. கர்சரை ஸ்ரீயின் மேல் வைத்து கண்ட்ரோல்-எக்ஸ், பிறகு சமக்குறி தட்டினால் கீழே எண் வரும். 3000 என்றால் பழைய வழி, 2998 என்றால் புதிய வழி. ஸ்ரீனிவாசன்களையும் ஸ்ரீரங்கத்தையும் குறிப்பில் அதிகம் வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தேர்ந்து, மற்றதைத் தேடி மாற்றிக்கொள்வது நல்லது. தமிழ் எண்களிலும் இதே வலை விரித்திருக்கிறது. ஏழு என்ற எண் ‘௭’ 3053, எகரம் 2958. கண்ணால் வேறுபடுத்துவது சிரமம். ‘௭ன்று’ என்று யாராவது எழுதியிருந்தால் படிப்பவருக்குத் தெரியாது, தேடுபவருக்குத்தான் தெரியும்.

அடுத்த தொல்லை நம் இலக்கணத்தின் கொடை. ஆர்க் மோடில் ஒரு சொல்லை இரு நட்சத்திரங்களுக்கு நடுவே வைத்தால் அது தடித்த எழுத்தாகும். *சென்னை* என்றால் தடிக்கும். *சென்னை*யில் என்றால் தடிக்காது, நட்சத்திரங்கள் அப்படியே நிற்கும். புதிதாக வருபவர் கருவி உடைந்துவிட்டது என்று நினைப்பார், அல்லது தமிழுக்கு இது ஒத்துவராது என்று போய்விடுவார். இரண்டுமில்லை. மூடும் நட்சத்திரத்தை அடுத்து இடைவெளியோ நிறுத்தக்குறியோ வந்தால்தான் அதை மூடும் குறி என்று ஏற்பது அதன் விதி. பெருக்கல் குறியாகவும் நட்சத்திரத்தை எழுதுகிறோமே, அதைத் தடித்த எழுத்தென்று எடுத்துக்கொண்டுவிடக் கூடாது என்பதற்காக. ஆங்கிலத்தில் ‘இல்’ என்பது சொல்லுக்கு முன்னால் தனியாக நிற்கும், சிக்கல் பெரிதாகத் தெரியாது. நமக்கு வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. ஐ, ஆல், கு, இன் என்று எதை ஒட்டினாலும் தடித்த எழுத்து உதிர்ந்துவிடும்.

இதற்கு ஆர்க் மோடின் கையேடே ஒரு வழி சொல்கிறது. நட்சத்திரத்துக்கும் உருபுக்கும் நடுவே அகலமே இல்லாத ஓர் இடைவெளியை வைப்பது. அதன் எண் 8203. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஆர்க் மோட் அதை இடைவெளி என்று ஏற்றுக்கொள்ளும். வேலை செய்கிறது. நான் கொஞ்ச காலம் அதைத்தான் செய்தேன், பிறகு விட்டுவிட்டேன். காரணம் மேலே சொன்னதுதான்: கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் கோப்புக்குள் விதைக்கிறோம். அந்தப் பத்தியை நகலெடுத்து வேறு எங்காவது ஒட்டினால் அந்தப் பேயும் கூடவே போகும். ‘சென்னையில்’ என்று அங்கே தேடினால் கிடைக்காது. வரிசைப்படுத்தினால் இடம் மாறும். ஒரு கோளாறைத் தீர்க்க இன்னொரு கோளாறை வட்டிக்கு வாங்குவது அது. உருபையும் உள்ளே சேர்த்து *சென்னையில்* என்று தடித்துவிடுகிறேன். அச்சிலும் அதுதான் அழகு, பாதிச் சொல் தடித்தும் பாதி மெலிந்தும் நிற்பது எனக்கு எப்போதும் உறுத்தும். புத்தகப் பெயர் போன்ற இடங்களில் உருபைப் பிரித்தே ஆகவேண்டும் என்றால் ஒரு சிறுகோடு போட்டுவிட்டால் போதும், சிறுகோட்டை நிறுத்தக்குறியாக அது ஏற்கும். இந்த விதியையே மாற்றிவிடும் குறுநிரல் துண்டுகள் அங்கங்கே சுற்றுகின்றன. அவற்றை ஒட்டாதீர்கள். அந்த விதி பயனர் மாற்றுவதற்கென்று வைத்ததல்ல. திரையில் தடிக்கும், பி.டி.எஃப். எடுக்கும்போது தடிக்காமல் போகலாம்.

கீழ்க்கோட்டிலும் கவனம் வேண்டும். ‘வரவு_செலவு’ என்று எழுதிவிட்டு பி.டி.எஃப். எடுத்தால் ‘செலவு’ குட்டியாகி வரிக்குக் கீழே தொங்கும், வேதியியல் குறியீட்டின் கால்எண் மாதிரி. சுருள் அடைப்புக்குள் இருந்தால் மட்டுமே அப்படிச் செய் என்று ஓர் அமைப்பு இருக்கிறது, அதைப் போட்டுவிட்டால் தீர்ந்தது. குறிச்சொற்களில் இதற்கு நேர்மாறு. தலைப்பின் வால்பகுதியில் இரு முக்காற்புள்ளிகளுக்கு நடுவே குறிச்சொல் வைப்போம், அதில் கீழ்க்கோடு வரலாம், சிறுகோடும் இடைவெளியும் வரக்கூடாது. :வீட்டுக்_கணக்கு: என்பது குறிச்சொல். :வீட்டுக்-கணக்கு: என்பது வெறும் எழுத்து.

தட்டச்சு பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், தினமும் கைபடும் இடம் அது. ஈமேக்ஸில் எல்லாக் கட்டளையும் விசைச் சேர்க்கைதான். கணினியின் விசைப்பலகையைத் தமிழ்99க்கு மாற்றிவிட்டு கண்ட்ரோல்-சி கொடுத்தால், சி இருக்கும் இடத்தில் இப்போது வேறொரு தமிழெழுத்து இருக்கிறது. ‘அப்படி ஒரு கட்டளை இல்லை’ என்று கீழே வரும். ஒவ்வொரு கட்டளைக்கும் விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றி, திரும்பத் தமிழுக்கு வந்து... இரண்டு நாளில் வெறுத்துவிடும். பலர் ஈமேக்ஸைக் கைவிட்டதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

இதற்கு மருந்து ஈமேக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. கணினியின் விசைப்பலகை ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். ஈமேக்ஸுக்குள் கண்ட்ரோலோடு பின்சாய்கோட்டைத் தட்டினால் எந்த உள்ளீட்டு முறை என்று கேட்கும். தமிழ்-ஐட்ரான்ஸ், தமிழ்-இன்ஸ்கிரிப்ட் என்று இருப்பதில் பழகியதைச் சொல்லலாம். அதன்பிறகு அதே சேர்க்கை தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் சுவிட்ச் மாதிரி. இதில் நுட்பம் என்னவென்றால், எழுத்து எழுதும்போது மட்டுமே இந்த முறை குறுக்கிடும், கண்ட்ரோல் சேர்ந்த விசைகளைத் தொடாது. தமிழில் எழுதிக்கொண்டே கண்ட்ரோல்-சி, கண்ட்ரோல்-டி தட்டினால் ‘செய்க’ என்பது ‘முடிந்தது’ ஆகும். பட்டியலிலிருந்து ஓரெழுத்தைத் தட்டித் தேர்வுசெய்யச் சொல்லும் இடங்களிலும் ஆங்கில எழுத்தே போகும். தேதியில் கிழமைப் பெயர் சில கணினிகளில் தமிழிலும் சிலவற்றில் ஆங்கிலத்திலும் விழும், கணினியின் மொழி அமைப்பைப் பொறுத்து. பயப்பட வேண்டாம். ஆர்க் மோட் கணக்குப் பார்ப்பது எண்களை மட்டும். கிழமையைத் தப்பாக எழுதியிருந்தால்கூட தேதியின் மேல் நின்று கண்ட்ரோல்-சியை இரண்டு முறை தட்டினால் திருத்திவிடும்.

அட்டவணை மட்டும் தமிழில் இன்னும் நொண்டுகிறது. நெடுங்கோடுகளால் பிரித்து எழுதும் அட்டவணையில் எல்லா எழுத்தும் ஒரே அகலம் என்று நினைத்து ஆர்க் மோட் இடைவெளி நிரப்புகிறது. ‘ஞௌ’வும் ‘ர’வும் ஒரே அகலமா? கோடுகள் வளைந்து நெளிந்து நிற்கும். கணக்கு சரியாகவே வரும், பி.டி.எஃப்.பிலும் நேராக வரும், திரையில்தான் கோணல். பிக்ஸல் கணக்கில் நேராக்கிக் காட்டும் வேலைன் என்ற துணைநிரல் இருக்கிறது. நான் கோணலோடு பழகிவிட்டேன்.

இனி அமைப்புக் கோப்பு. ஈமேக்ஸ் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நாம் எழுதிவைப்பது. இதுவும் எளிய உரைதான், அடைப்புக்குறிகள் நிறைந்த லிஸ்ப் மொழியில். இங்கே வரும் புகார்களில் நான் அதிகம் கேட்டது: ‘வேலைப் பட்டியல் காலியாக இருக்கிறது’. குறிப்புக் கோப்பில் ஐம்பது ‘செய்க’ இருக்கும், அன்றைய பட்டியலைக் கேட்டால் வெறும் தேதிகள் மட்டும் வரும்.

பட்டியல் எல்லாக் கோப்புகளையும் தேடிப் படிப்பதில்லை. எந்தெந்தக் கோப்புகளைப் படி என்று நாம் சொல்லிவைத்த ஜாபிதாவைத்தான் படிக்கிறது. ஆர்க்-அஜெண்டா-ஃபைல்ஸ் என்பது அந்த ஜாபிதாவின் பெயர். இதில் கோப்பைச் சேர்க்க இரண்டு வழி. அமைப்புக் கோப்பில் நாமே எழுதலாம். அல்லது குறிப்புக் கோப்பில் நின்று கண்ட்ரோல்-சி, சதுர அடைப்பு தட்டினால் ஈமேக்ஸே சேர்த்து, அமைப்புக் கோப்பின் வேறொரு மூலையில் எழுதிவைக்கும். இரண்டையும் செய்தவர் மாட்டிக்கொள்வார். ஈமேக்ஸ் மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டு போகும், கடைசியில் படித்ததே நிற்கும். விசையைத் தட்டிச் சேர்த்த கோப்பு இன்றைக்குப் பட்டியலில் வரும், நாளைக் காலையில் திறந்தால் மறைந்திருக்கும். மாயம் எதுவுமில்லை, ஒரே பொருளுக்கு இரண்டு பத்திரம் எழுதியதால் வந்த வழக்கு.

இங்கேயும் ‘நான் என்ன எழுதினேன்’ என்று அமைப்புக் கோப்பைத் திரும்பத் திரும்பப் படிப்பதில் பயனில்லை. ஈமேக்ஸிடமே கேட்க வேண்டும். கண்ட்ரோல்-எச், பிறகு வி தட்டி, அந்த ஜாபிதாவின் பெயரைக் கொடுத்தால் இந்த நிமிஷம் அதன் மதிப்பு என்ன என்று சொல்லும். நாம் எழுதியது ஒன்று, அது வைத்திருப்பது இன்னொன்று என்பது அப்போதே வெளிச்சமாகிவிடும். ஒரு விசையைத் தட்டினால் எதிர்பாராதது நடக்கிறதா? கண்ட்ரோல்-எச், கே, பிறகு அந்த விசை. அது எந்தக் கட்டளையை ஓட்டுகிறது என்று சொல்லும். இத்தனை ஆண்டில் எந்தக் கையேடும் எனக்கு இந்த இரண்டு விசைச் சேர்க்கைகள் அளவு உதவியதில்லை. கோப்பின் தலையில் ‘செய்க’, ‘முடிந்தது’ போன்ற சொற்களை அறிவிக்கும் வரியை மாற்றியிருந்தால் அந்த வரியில் நின்று கண்ட்ரோல்-சியை இரண்டு முறை தட்டவும் மறக்கக்கூடாது. இல்லாவிட்டால் கோப்பை மூடித் திறக்கும்வரை பழைய சொற்களையே நம்பிக்கொண்டிருக்கும்.

இனி, எல்லாமே உடைந்துபோன நாள். ஈமேக்ஸ் திறக்கும்போதே பிழை, நிறமில்லை, விசைகள் வேலை செய்யவில்லை. முதலில் ஈமேக்ஸை பெரிய க்யூ என்ற தெரிவோடு திறக்க வேண்டும். நம் அமைப்புக் கோப்பு எதையும் படிக்காமல், தொழிற்சாலையிலிருந்து வந்த கோலத்தில் திறக்கும். அதில் குறிப்புக் கோப்பைத் திறந்து பாருங்கள். கோளாறு அங்கேயும் இருந்தால் குற்றவாளி குறிப்புக் கோப்பு, அல்லது அபூர்வமாக ஆர்க் மோட். அங்கே இல்லையென்றால் குற்றவாளி நாம். நான் பார்த்தவரையில் பத்துக்கு ஒன்பது நாம்தான்.

அடுத்தது பாதிப் பாதியாகக் குறைப்பது. அமைப்புக் கோப்பின் கீழ்ப்பாதியை ஓட்டாமல் செய்துவிட்டுத் திறக்க வேண்டும். கோளாறு நின்றால் அது கீழ்ப்பாதியில், நிற்காவிட்டால் மேற்பாதியில். பிறகு அந்தப் பாதியில் பாதி. முந்நூறு வரி அமைப்புக் கோப்பாக இருந்தாலும் ஒன்பது முறைக்குள் ஒரே வரிக்கு வந்துவிடலாம். ஒவ்வொரு வரியாக முறைத்துப் பார்த்து மாலை முழுவதையும் கெடுத்துக்கொள்பவர்களுக்கு இது சொன்னால் நம்பிக்கை வராது, ஒருமுறை செய்து பார்த்தால் வரும். வெட்டும்போது அடைப்புக்குறியின் நடுவில் வெட்டிவிடாமல் இருந்தால் போதும். ‘படித்துக்கொண்டிருக்கும்போதே கோப்பு முடிந்துவிட்டது’ என்ற பொருளில் பிழைச் செய்தி வந்தால் எங்கோ ஓர் அடைப்பு திறந்தபடி நிற்கிறது என்று அர்த்தம். செக்-பேரன்ஸ் என்று கட்டளை கொடுத்தால் கர்சரைக் கொண்டுபோய் அந்த இடத்தருகே நிறுத்தும்.

பாதியாக்கியும் பிடிபடாத கோளாறு ஒன்று உண்டு. ஈமேக்ஸோடு ஓர் ஆர்க் மோட் வருகிறது. புதிய பதிப்பு வேண்டுமென்று தனியாக இன்னொன்றை நிறுவுகிறோம். பழையது ஏற்கெனவே நினைவில் ஏறியிருக்கும்போது புதியது வந்து பாதி இடத்தைப் பிடித்தால், இரண்டு மாமியார் ஒரே அடுப்பங்கரையில் நிற்கும் கதைதான். ‘தவறான செயற்கூறு’ என்பதுபோன்ற செய்திகள் சம்பந்தமில்லாத இடங்களில் முளைக்கும். ஆர்க்-வெர்ஷன் கட்டளை எந்தப் பதிப்பு, எந்த அடைவிலிருந்து ஏறியது என்று காட்டும். கலந்துபோயிருந்தால் புதியதை நீக்கி, ஆர்க் மோட் ஏறாத புத்தம்புதிய ஈமேக்ஸில் மறுபடி நிறுவ வேண்டும். எனக்கு இது இரண்டு முறை நடந்தது. மூன்றாவது முறை, கூடவே வரும் பதிப்பே போதும் என்று இருந்துவிட்டேன். புதியதில் இருந்த எந்த வசதியை இழந்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

கைபேசியிலும் கணினியிலும் ஒரே கோப்பைத் திருத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் கைபேசியில் திருத்தியது கணினிக்கு வந்து சேர்ந்திருக்கும், ஈமேக்ஸில் காலையில் திறந்த பழைய கோலம் நிற்கும். எழுதத் தொடங்கியதும், வட்டில் கோப்பு மாறியிருக்கிறது, உண்மையாகவே திருத்தவா என்று கேட்கும். அவசரத்தில் ஆமாம் என்று சொல்லாதீர்கள். கேள்வியைப் படிக்காமல் ஒய் தட்டும் பழக்கத்தால் போன குறிப்புகள்தான் எனக்குத் தெரிந்து திரும்பி வராத குறிப்புகள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு கோப்பை மறுபடி வட்டிலிருந்து ஏற்றிக்கொள்வதே சரி. வட்டில் மாறியதும் தானாகவே ஏற்றிக்கொள்ளும் வசதியும் இருக்கிறது, ஆட்டோ-ரிவர்ட்.

எவ்வளவு மாற்றியமைக்கலாம் என்று கேட்பார்கள். ஈமேக்ஸில் வானமே எல்லை, வம்பும் அதுதான். குறிப்பெடுக்க வந்தவர் ஒரு வாரம் நிறம் மாற்றுவார், இரண்டாம் வாரம் அடுத்தவருடைய ஆயிரம் வரி அமைப்பைக் கொண்டுவந்து கொட்டுவார், மூன்றாம் வாரம் அது உடைந்ததைச் சரிசெய்வார். குறிப்பு மட்டும் எடுத்திருக்க மாட்டார். நான் வைத்துக்கொண்ட வழக்கம், ஒரே அசௌகரியம் மூன்று தனித்தனி நாட்களில் கையில் தட்டுப்பட்டால்தான் அமைப்பைத் தொடுவது. அப்படித் தொட்டதில் முதலாவது, எங்கிருந்தாலும் ஒரு விசையில் குறிப்பு எழுதித் திரும்பும் வசதி. ஆர்க் மோடில் அது இருக்கிறது, ஆனால் விசையை நாம்தான் ஒதுக்க வேண்டும். கண்ட்ரோல்-சி, சி என்று ஒதுக்கினேன். குறிப்பு எடுப்பது இரட்டிப்பாயிற்று. மற்ற மாற்றங்கள் எல்லாம் சேர்ந்தும் அதற்கு ஈடாகவில்லை.

சேர்க்கும் ஒவ்வொரு வரிக்கும் மேலே ஏன் சேர்த்தேன் என்று தமிழில் ஒரு குறிப்பும் தேதியும் எழுதிவைக்கிறேன். அரைப்புள்ளியில் தொடங்கும் வரியை ஈமேக்ஸ் படிக்காது, எனக்காக மட்டும் அது. இப்போது என் அமைப்புக் கோப்பு நாற்பத்தோரு வரி. அதில் ஒரே ஒரு வரிக்கு மேலே எதுவும் எழுதவில்லை, இந்தப் பழக்கம் வருவதற்கு முன் சேர்த்தது போலிருக்கிறது. எதற்கென்று எனக்கே நினைவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துவிட்டு என்ன உடைகிறது என்று பார்க்க வேண்டும்.